சி மொழி தந்த டென்னிஸ் ரிட்சி



நம்ம இராமநாதபுரம் சீமையில் எந்தக் கல்லூரியின் ஆண்டு மலரைப் புரட்டினாலும் டாக்டர் அப்துல் கலாம் அய்யாவைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். இராமேசுவரத்தில் பிறந்த பிள்ளை இந்த நாட்டுக்கே முதல் குடிமகன் ஆனார் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இந்த முறை நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் பாம்பன் பாலத்தைப் பார்த்தவர் அல்ல. நம் ஊர்க் கருவாட்டு வாசனை தெரியாதவர். இருந்தாலும் வாரம் தவறாமல் நம் லேபில் அவருடைய உழைப்பின் மேல்தான் நாம் விரல் வைக்கிறோம். அவர்தான் சி மொழியைத் தந்த டென்னிஸ் ரிட்சி. அவர் மறைந்தபோது எனக்கு நாலு வயது. அதனால் நமக்கு அவர் போன தலைமுறைக்காரர்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகும் பெயர்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அது மூன்று நோட்டுகளின் கதை. அதைச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன்.

மூன்று நோட்டுகள்

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல் ஆள். அப்பா கடலுக்குப் போனவர். முழங்காலில் அடிபட்ட பிறகு படகு ஏற முடியாமல் மாமாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வலை, கயிறு, மிதப்பு, ஈயம் என்று படகுக்கு வேண்டிய சாமான் விற்கும் கடை. அந்தக் கடையில் சரக்குக் கணக்குக்கு மூன்று நோட்டு உண்டு. ஒன்றில் சாமான் பெயர், இன்னொன்றில் இருப்பு, மூன்றாவதில் விலை. பெயர் நோட்டில் 16-ஆவது வரி என்றால் மற்ற இரண்டிலும் 16-ஆவது வரியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரு வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது நைலான் கயிறு நோட்டுப்படி 65 கிலோ, கடையில் இருந்ததோ 25 கிலோ. 40 கிலோ குறை. கயிறு விலை கூடிய சாமான். மற்ற சில்லறைச் சாமான்களில் இருந்த முன்பின்னை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கடைச் சாவி அப்பாவிடம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்து போச்சு. அம்மாவுக்கு அது கூடப்பிறந்த அண்ணன் வீடு. அவள் இரண்டு பக்கமும் பேச முடியாமல் கிடந்தாள்.

இது இங்கே இருக்கட்டும். இனி அவருடைய கதைக்கு வருவோம்.

பிறப்பும் படிப்பும்

டென்னிஸ் ரிட்சி 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. தொலைபேசி இணைப்புகளைத் தானாக மாற்றிவிடும் சுற்றுகளைப் பற்றி நூல் எழுதியவர்களில் ஒருவர். நம்மைப் போல வீட்டின் முதல் படிப்பாளி அல்ல, படித்த வீட்டுப் பிள்ளை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பா படித்தவர் என்பதற்காக எல்லாப் பிள்ளையும் சி மொழி எழுதிவிடவில்லையே!

நியூஜெர்சி மாநிலத்தில் சம்மிட் என்ற ஊரில் பள்ளிப்படிப்பு. பிறகு புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1963-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். அதன்பின் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி. 1964 டிசம்பரில் புயல் வந்து நம் தனுஷ்கோடி அழிந்த நேரத்தில் அவர் அங்கே 23 வயது ஆராய்ச்சி மாணவர். ஹார்வர்டில் கணினியைப் பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்டதிலிருந்து அவர் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவருடைய டாக்டர் பட்டக் கதை வேடிக்கையானது. 1968-இல் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டார். ஆனால் அதை பைண்டு செய்து நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற கடைசி வேலையைச் செய்யவே இல்லை. அதனால் கடைசி வரை அவருக்கு அந்தப் பட்டம் இல்லை. தோழர்களே, இதைப் பார்த்து யாரும் ஆசைப்பட்டுவிடாதீர்கள். அவர் பைண்டு செய்யாமல் விட்டும் உலகம் அவரைத் தேடிப் போனது. நாம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் விட்டால் ஹால் டிக்கெட் கூட நம்மைத் தேடி வராது!

பெல் ஆய்வகத்தில்

1967-இல் தந்தை வேலை பார்த்த அதே பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அப்போது பெல் ஆய்வகம், எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் கூட்டாக மல்டிக்ஸ் என்ற ஒரு பெரிய இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கான ஏற்பாடு அது. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969-இல் பெல் ஆய்வகம் விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்தவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் கென் தாம்ப்ஸன். ரிட்சியின் உயிர் நண்பர். அவர் மூலையில் கிடந்த பி.டி.பி.-7 என்ற சின்னக் கணினியைப் பிடித்துக்கொண்டு 1969-இல் ஒரு சிறிய இயங்குதளத்தை எழுத ஆரம்பித்தார். ரிட்சியும் சேர்ந்துகொண்டார். அதுதான் யூனிக்ஸ்.

அடுத்து பி.டி.பி.-11 என்ற புதிய கணினி வேண்டும் என்று கேட்டார்கள். சும்மா கேட்டால் யார் வாங்கித் தருவார்கள்? ஆவணங்களைத் தட்டச்சு செய்து, திருத்தி, ஒழுங்காக அச்சிட்டுத் தரும் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லித்தான் 1970-இல் வாங்கினார்கள். சொன்னபடியே 1971-இல் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு விண்ணப்பங்களை அச்சிடுவதற்கு யூனிக்ஸைப் பயன்படுத்த ஆரம்பித்தது. அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட் இயங்குதளத்துக்கு, மீதி 8 கிலோபைட் மற்ற வேலைக்கு. வட்டு 512 கிலோபைட். இன்றைக்கு நம் போன் கேமராவில் எடுக்கும் ஒரு போட்டோ பெரும்பாலும் அந்த வட்டில் அடங்காது. அதற்குள் பல பேர் வேலை பார்த்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா!

பி-யிலிருந்து சி

யூனிக்ஸ் முதலில் அசெம்பிளி மொழியில்தான் எழுதப்பட்டது. நம் மைக்ரோபிராசஸர் லேபில் இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கே நாம் படும் பாடு தெரியும். அதில் ஓர் இயங்குதளம்! ஒரு வகைக் கணினிக்கு எழுதியது இன்னொரு வகைக்கு ஒத்துவரவும் வராது.

கென் தாம்ப்ஸன் பி என்று ஒரு மொழி செய்து வைத்திருந்தார். அந்த மொழிக்கு வகை என்பதே கிடையாது. எண்ணும் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பெட்டி. பி.டி.பி.-11 வந்தபோது இது சரிப்பட்டு வரவில்லை. அந்த இயந்திரத்தில் எழுத்துக்கு ஒரு பைட், முழு எண்ணுக்கு இரண்டு பைட். ரிட்சி 1971-இல் பி மொழிக்குள் இன்ட், சார் என்று வகைகளைக் கொண்டுவந்தார். கம்பைலரையும் புதிதாக எழுதினார். 1972-இல் அதற்கு சி என்ற பெயர் நிலைத்தது.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அதே 1972-இல் கென் தாம்ப்ஸன் யூனிக்ஸின் கருப்பகுதியைப் புதிய சி மொழியில் திருப்பி எழுதிப் பார்த்தார். முடியாமல் கைவிட்டுவிட்டார். அப்போது சி மொழியில் ஸ்ட்ரக்சர் இல்லை. இயங்குதளம் என்றால் என்ன? பெரும்பாலும் பட்டியல்கள்தானே! எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம், எவ்வளவு நீளம், எந்த நிரல் ஓடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விவரம். சில விவரம் எண், சில விவரம் எழுத்து. அதையெல்லாம் ஒரு கட்டாகக் கட்ட வழி இல்லாத மொழியில் எப்படி எழுதுவது? 1973-இல் ரிட்சி ஸ்ட்ரக்சரைச் சேர்த்தார். அந்தக் கோடையிலேயே யூனிக்ஸின் கருப்பகுதி சி மொழியில் எழுதப்பட்டுவிட்டது. நாம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக உருப்போடும் ஸ்ட்ரக்சர் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த வேலை நடந்திருக்காது என்றால் மிகையாகாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கால யூனிக்ஸில் கோப்புப் பட்டியலின் ஒரு பதிவு 16 பைட். கோப்பு எண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14 பைட். ரிட்சிக்கு ஸ்ட்ரக்சர் என்பது வட்டில் கிடக்கும் அந்த 16 பைட்டை அப்படியே அச்சு அசலாகக் காட்ட வேண்டும். பழைய பி மொழியிலோ ஓர் அரே என்றால், அதன் இடத்தைக் காட்டும் முகவரிக்கென்று தனியாக ஓர் அறை நினைவகத்தில் இருக்கும். அந்த அறையை 16 பைட்டுக்குள் எங்கே ஒளித்து வைப்பது? அந்தத் தனி அறையையே அவர் ஒழித்துவிட்டார். அரேயின் பெயரைச் சொன்னாலே அது தன் முதல் உறுப்பின் முகவரியாக மாறிக்கொள்ளும் என்று விதி செய்தார். ஸ்கேன்எஃப்பில் எண்ணுக்கு ஆம்பர்சன்ட் போடுகிறோம், பெயருக்கு மட்டும் ஏன் போடுவதில்லை என்று வைவாவில் கேட்டால் இனிமேல் விழிக்க வேண்டாம். காரணம் இதுதான்.

நம் லேபில்

இப்போது நம் சரக்குப் பட்டியல் நிரலுக்கு வாருங்கள். ஒரு சாமானுக்குப் பெயர் 20 எழுத்து, குறியீட்டு எண் ஒரு இன்ட், இருப்பு ஒரு இன்ட், விலை ஒரு ஃப்ளோட். இன்றைய கம்பைலர்களில் 20, 4, 4, 4 என்று மொத்தம் 32 பைட். இது ஒரு சாமானின் சீட்டு. 50 சாமான் என்றால் 50 சீட்டுக் கொண்ட அரே. எஃப்ரைட் கொடுத்தால் ஒரு சீட்டு முழுசாகக் கோப்பில் போய் உட்காரும். 16-ஆவது சாமான் வேண்டுமா? முன்னால் 15 சீட்டு, 15-ஐ 32-ஆல் பெருக்கினால் 480. எஃப்சீக் கொடுத்து 480 பைட் தாண்டி நின்றால் நேராக அதன் மேல் நிற்கலாம். எல்லாச் சீட்டும் ஒரே நீளம் என்பதால்தான் இந்த வசதி.

அச்சிடும்போது பிரிண்ட்எஃப்பில் பெயருக்கு மைனஸ் 20 என்று அகலம் கொடுத்தால் பெயர் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். விலைக்கு 8 புள்ளி 2 என்று கொடுத்தால் பைசா எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். அகலம் கொடுக்காமல் அச்சிட்டால் காற்றில் கலைந்த வலை மாதிரிதான் இருக்கும்.

நான் முதல் தடவை ஓட்டியபோது என்ன ஆச்சு தெரியுமா? நைலான் கயிறு என்று இரண்டு சொல்லாகத் தட்டினேன். ஸ்கேன்எஃப் இடைவெளி வந்ததும் நின்றுவிட்டது. நைலான் மட்டும் பெயராகப் போனது. அடுத்து எண் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் கயிறு வந்து நிற்க, அந்தச் சீட்டில் ஏதோ குப்பை எண். கயிறு என்ற சொல் அடுத்த சாமானின் பெயராகிப் போய், நைலானின் இருப்பும் விலையும் அதில் ஏறிக்கொண்டது. ஒரு வரி சறுக்கியதும் எல்லாம் சறுக்கியது. பெயரை மட்டும் எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியாக வாங்கிய பிறகுதான் சரியானது. ஸ்ட்ரக்சர் விவரங்களைச் சேர்த்துக் கட்டித்தான் தரும். உள்ளே சரியானதைப் போடுவது நம் பொறுப்பு.

அந்தச் சறுக்கிய பட்டியலைத் திரையில் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

பிற்கால வாழ்க்கை

அதற்கு முன் அவருடைய கதையை முடித்துவிடுகிறேன். சி மொழியில் எழுதியதால் யூனிக்ஸ் ஒரே கணினிக்கு அடிமையாக இல்லை. ஸ்டீவ் ஜான்ஸனும் ரிட்சியும் 1977-இல் அதை இன்டர்டேட்டா என்ற வேறு வகைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். 1978-இல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி சி மொழிக்கு நூல் எழுதினார். 230 பக்கத்துக்குள் அடங்கிய சின்னப் புத்தகம். உலகமே அதைப் பார்த்துத்தான் சி படித்தது. 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்கு அதிகாரபூர்வமான தரம் வகுத்தது.

1983-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது அவருக்கும் தாம்ப்ஸனுக்கும் கிடைத்தது. 1998-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 2011-இல் ஜப்பான் பரிசு என்று பின்னாலும் விருதுகள் வந்தன. ஆனால் அவர் மேடை தேடிய மனிதர் அல்ல. கூச்ச சுபாவம். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1967-இல் நுழைந்த ஆய்வகத்தில் இருந்தே 2007-இல் ஓய்வு பெற்றார். நாற்பது வருஷம் ஒரே இடம்!

2011 அக்டோபர் 5-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தார். உலகமே மெழுகுவத்தி ஏற்றியது. ஒரு வாரம் கழித்து அக்டோபர் 12-இல், நியூஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊரில் தனியாக வாழ்ந்த வீட்டில் ரிட்சி இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. நோயோடு இருந்தவர். துறைக்காரர்கள் கலங்கினார்கள், வெளியில் அவ்வளவாகச் சத்தம் இல்லை. ஆப்பிள் கணினியும் ஐபோனும் ஓடும் இயங்குதளம் யூனிக்ஸ் வழியில் வந்தது. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருக்கும் லினக்ஸ் கரு பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. படகில் வைக்கும் ஜி.பி.எஸ். போன்ற சிறு கருவிகளுக்கு நிரல் எழுதவும் இன்றைக்கும் சி மொழியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மண்ணுக்கடியில் கிடக்கும் அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்?

மறுபடியும் மூன்று நோட்டுகள்

லேப் முடிந்த அந்த வாரக் கடைசியில் மாமா வீட்டுக்குப் போனேன். காலேஜ் பயிற்சிக்கு வேண்டும் என்று சொல்லிப் பழைய நோட்டுகளைக் கேட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். பெயர் நோட்டில் இரண்டு இருந்தது. ஒன்று கிழிந்த பழசு, இன்னொன்று அதைப் பார்த்துப் புதுசாக எழுதியது. ஒரு சீட்டுக்குள் பெயரையும் இருப்பையும் விலையையும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு வரியாக எல்லா நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

12-ஆவது வரியில் பிடிபட்டது. புதுப் பெயர் நோட்டில் அந்த இடத்தில் ஒரு புதுச் சாமானைச் செருகியிருந்தார்கள். இருப்பு நோட்டில் அதன் கணக்கு கடைசியில் போய்க் கிடந்தது. 16-ஆவதாக இருந்த நைலான் கயிறு புது நோட்டில் 17-க்கு இறங்கியிருந்தது. இருப்பு நோட்டில் 17-ஆவது வரி ஈயத்துடையது, 65 கிலோ. கயிற்றின் உண்மையான வரி 16. அதில் எழுதியிருந்தது 25 கிலோ. கடையில் இருந்ததும் 25 கிலோதான்.

ஒரு கிலோ கூடக் குறையவில்லை.

பட்டியலை அகலம் கொடுத்து ஒழுங்காக அச்சிட்டு, பழைய நோட்டுகளோடு மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வைத்து 16, 17 என்று இரண்டு மூன்று முறை எண்ணினார். அன்றைக்குச் சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சாவியை அப்பா பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. காற்று மாறியதைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா உள்ளே போய் மீன் கழுவ ஆரம்பித்தாள். அந்த அச்சிட்ட தாளை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

தோழர்களே! சேர்ந்திருக்க வேண்டியதைப் பிரித்து வைத்தால் எங்கோ ஓர் இடத்தில் ஒரு வரி சறுக்கும். அந்தச் சறுக்கலுக்கு யாரோ ஒருவர் தலை குனிய வேண்டிவரும். கண்காணாத தேசத்தில் இருந்த ஒருவர் 1973-இல் தன் வேலைக்காகச் செய்த ஒரு சின்ன ஏற்பாடு, இத்தனை வருஷம் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முறை லேபில் ஸ்ட்ரக்ட் என்று தட்டும்போது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அரைப்புள்ளி போட மறக்காதீர்கள்!

வாழ்க டென்னிஸ் ரிட்சி புகழ்!

- இரண்டாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் பிரிவு